மண் ஆய்வறிக்கையில் எண்ணுக்கு முன் பார்க்க வேண்டியது

ஆய்வகக் கருவிகளில் பெரும்பாலானவை மண்ணை மண்ணாகவே அளப்பதில்லை. மண்ணிலிருந்து ஒரு கரைசலுக்குள் வந்து சேர்ந்த தனிமங்களையே அளக்கின்றன. ஆகவே ஒரே வயலில் எடுத்த ஒரே பிடி மண், எந்தக் கரைசலில், எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதைப் பொறுத்து வெவ்வேறு எண்களைத் தரும். அவை அனைத்தும் பிழையற்றவையாகவும் இருக்கலாம். இந்தக் கரைத்தெடுக்கும் வேலைக்குப் பிரித்தெடுத்தல் என்று பெயர்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் மணல், களிமண் ஆகியவற்றின் சிலிகேட் கட்டமைப்பையே உடைப்பதால், அது சேர்ந்த அமிலக் கலவை மண்ணிலுள்ள மொத்த உலோகத்தையும் வெளிக்கொணரும். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் கலந்த இராஜ திராவகம் சிலிகேட்டுக்குள் சிறைப்பட்டதை விட்டுவிட்டு, மனிதர் சேர்த்த மாசின் பெரும்பகுதியைக் கரைத்துவிடும் என்பதால், மாசு ஆய்வுகளில் அது பரவலாகப் பயன்படுகிறது. டிடிபிஏ என்னும் கரைசலோ மிக மென்மையானது. 10 கிராம் மண்ணை 20 மில்லிலிட்டர் கரைசலில் இரண்டு மணி நேரம் குலுக்கினால், பயிரின் வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு ஆகியவற்றின் தோராய அளவு கிடைக்கும். குப்பைக் கிடங்கில் கழிவிலிருந்து என்ன கசியும் என்றறிய, கழிவின் எடையைப் போல் 20 மடங்கு அசிட்டிக் அமிலக் கரைசலில் சுமார் 18 மணி நேரம் சுழற்றும் கசிவுச் சோதனை தனியாக உண்டு.

முறை மாறினால் பொருளும் மாறும். டிடிபிஏ தந்த சிறிய எண்ணை மொத்த அளவுக்கென வகுத்த வரம்போடு ஒப்பிட்டால், நஞ்சேறிய நிலமும் தூய்மையானதாகத் தோன்றும். உழவர்களுக்கு அரசு வழங்கும் மண்வள அட்டையின் 12 அளவீடுகளில் ஈயம், காட்மியம், குரோமியம் இடம்பெறாததால், அட்டை நன்றாக இருப்பது மாசின்மைக்குச் சான்றாகாது.

முறை மாறினால் பொருள் மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டை தக்க எடுத்துக்காட்டு. அங்கே மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. குரோமியத்தின் இரு வடிவங்களில் மூன்று இணைதிறன் கொண்டது நஞ்சு குறைந்தது. ஆறு இணைதிறன் கொண்டதோ நீரில் எளிதில் பரவும், புற்றுநோய் விளைவிக்கும். இத்தகைய மண்ணைச் சூடான அமிலத்தில் கரைத்தால் இரண்டாவது வடிவம் முதலாவதாக மாறிவிடக்கூடும். மொத்தக் குரோமியம் தெரியுமேயன்றி நஞ்சின் பங்கு தெரியாது. சோடியம் கார்பனேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்த காரக் கரைசலில் 90 முதல் 95 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்கும் முறையே ஆறு இணைதிறன் வடிவத்தைப் பெரிதும் மாறாமல் காட்டும்.

எனவே அறிக்கையைப் பெறுவோர் பிரித்தெடுத்த முறை, ஒப்பிட்ட வரம்பு, அந்த வரம்பு எம்முறைக்கு உரியது, ஆய்வகங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய வாரியமான என்ஏபிஎல் அந்த ஆய்வகத்துக்குத் தந்த அங்கீகாரம் அந்தச் சோதனைக்கும் பொருந்துமா என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். மாதிரியை இரண்டாகப் பகிர்ந்து முத்திரையிட்டு ஒரு பாதியைக் காத்து வைப்பதும், மாசுபடாத அண்டை நிலத்து மண்ணையும் சேர்த்து அனுப்புவதும் பிற்காலத் தகராறில் துணை நிற்கும்.

அரசு அலுவலகங்களிடமுள்ள ஆய்வறிக்கைகளை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் ஓர் அங்கமாக ஏற்றது. அதன் வழியே இழப்பீடும் நிலச் சீரமைப்பும் கோரித் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுக ஐந்து ஆண்டுகள் அவகாசம் உண்டு. பிற சுற்றுச்சூழல் தகராறுகளுக்கோ ஆறு மாதமே. பொருந்தாத முறையில் செய்த ஆய்வு பணத்தை மட்டுமல்ல, இந்தக் காலக்கெடுவையும் தின்றுவிடும்.