மாவட்டப் பெயர்களில் தலைவர்கள் இருந்த காலம்

1980களின் பிற்பகுதியில் ஈரோட்டில் பிறந்தவரின் பிறப்புச் சான்றிதழில் 'பெரியார் மாவட்டம்' என்று இருக்கும். விருதுநகர்க்காரருக்கு அது 'காமராஜர் மாவட்டம்', திண்டுக்கல்காரருக்கு 'அண்ணா மாவட்டம்', தூத்துக்குடிக்காரருக்கு 'வ.உ.சிதம்பரனார் மாவட்டம்'. இன்று தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் ஒன்றுகூட தலைவர் பெயரில் இல்லை.

1956இல் மாநிலத்தில் இருந்தவை 13 மாவட்டங்கள்தான். பெரும்பாலும் வெள்ளையர் வகுத்துவிட்டுப் போனவை. அவர்கள் பெயர் வைத்த முறைக்கு ஆற்காடு நல்ல சான்று. 1801இல் ஆற்காடு நவாபிடமிருந்து கர்நாடிக் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டபோது, நவாபுகளின் பழைய தலைநகரின் பெயரையே வட ஆற்காடு, தென் ஆற்காடு என்று இரண்டு மாவட்டங்களுக்கும் சூட்டியது. ஆனால் வட ஆற்காட்டின் கலெக்டர் அலுவலகம் முதலில் சித்தூரிலும் பின்னர் வேலூரிலும் இருந்தது; தென் ஆற்காட்டுக்குக் கடலூரில் இருந்தது. ஆற்காடு ஊர் இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது.

மாவட்டங்களுக்குத் தலைவர் பெயர் சூட்டும் வழக்கம் 1979இல் தொடங்கியது. பெரியார் நூற்றாண்டையொட்டி, கோவையிலிருந்து பிரித்த மாவட்டத்துக்கு எம்.ஜி.ஆர். அரசு அவர் பெயரை வைத்தது. 1985இல் ராமநாதபுரம் மூன்றானபோது ஒன்று காமராஜருக்கும் ஒன்று பசும்பொன் முத்துராமலிங்கத் தேவருக்கும் போனது. பிறகு இடப் பெயர்களோடு ஒட்டுப் பெயர்கள் சேர்ந்தன: நெல்லை கட்டபொம்மன், வட ஆற்காடு அம்பேத்கர், தென் ஆற்காடு வள்ளலார், திருவண்ணாமலை சம்புவராயர், விழுப்புரம் ராமசாமி படையாட்சியார், நாகை காயிதே மில்லத். போக்குவரத்துக் கழகங்களும் இதே பாதையில் சென்றன. ராணி மங்கம்மாள், மருதுபாண்டியர், ஜீவா, நேசமணி என்று பேருந்தின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். ஒரு சமூகம் தன்னவர் பெயரைக் கண்டு மகிழ, அடுத்த சமூகமும் கேட்கத் தொடங்கியது.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. கட்டபொம்மனின் படையில் நின்று உயிர்விட்டவர், தேவேந்திரகுல வேளாளர். அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் சிலர் கிளம்பினார்கள். பேருந்துகள் மீது கல் விழுந்தது, தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. கருணாநிதி அரசு எல்லா மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த தலைவர் பெயர்களை ஒட்டுமொத்தமாக நீக்கியது.

ஊர்ப் பெயரே மாவட்டப் பெயராக இருப்பதுதான் சரி. ஊர் எல்லோருக்கும் பொது. ஆனால் மற்ற பெயர்களையெல்லாம் தாங்கிக்கொண்டவர்களுக்கு ஒரு தலித் வீரரின் பெயர் மட்டும் பொறுக்கவில்லை என்பதை மறந்துவிட்டு அந்த முடிவைப் பாராட்ட முடியாது.

செங்கல்பட்டின் கதை வேறு. செங்கை அண்ணா, செங்கை எம்.ஜி.ஆர். என்றெல்லாம் அழைக்கப்பட்ட அந்த மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தபோது பெயரே மறைந்தது. 2019இல் புதிய மாவட்டமாக மீண்டும் வந்தது.

வீட்டில் பழைய பத்திரமோ சான்றிதழோ இருந்தால், மாவட்டப் பெயர் இப்போதையதோடு பொருந்தவில்லையே என்று பதற வேண்டாம். ஆவணத்தின் ஆண்டைப் பாருங்கள். அந்த ஆண்டில் உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.