கடற்கரையில் ஒரு தட்டு மீன்: நோயாளியை உடன் அழைத்துச் செல்வோர் அறிய வேண்டியவை

மல்லாங்கிணறு, காரியாபட்டி, விருதுநகர் வட்டாரத்தில் வாழும் நமக்குக் கடல் அன்றாடக் காட்சியன்று. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை விடும் நாட்களிலும் பள்ளி விடுமுறையிலும் வேன் அமர்த்திக்கொண்டு, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் சென்று வருவது பல குடும்பங்களின் வழக்கம். தரிசனம் முடியும்வரை அசைவம் தொடாதவர்கள், திரும்பும் வழியில் கடற்கரைக் கடையொன்றில் அமர்ந்து சுடச்சுட வறுத்த மீனை விரும்பி உண்பார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது: "அப்பாவுக்குப் போன வருஷம்தான் ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு துண்டு கொடுக்கலாமா?"

சில வீடுகளில் "கூடவே கூடாது" என்று விலக்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் உண்ண, அவர் கடலைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். வேறு சில வீடுகளில் "ஒரு நாள்தானே" என்று எல்லாவற்றையும் அனுமதித்துவிடுகிறார்கள். இரண்டுமே தேவையற்றவை. பெரும்பாலான நோயாளிகள் அளவோடு மீன் உண்ணலாம். எந்த மீன், எந்த எண்ணெய், எவ்வளவு உப்பு, எத்தனை துண்டு என்பவற்றை அறிந்து உண்பதே முக்கியம்.

மீன் பகையன்று

100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உள்ளது. சாளை, அயிலை போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களில் இதயத்திற்கு நன்மை தரும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் நிறைய உள்ளன. வாரம் ஓரிரு முறை மீன் உண்பது நல்லது என்று இதயநோய் வல்லுநர்கள் கூறுகின்றனர். ஆனால் அவர்கள் குறிப்பிடுவது குழம்பாகவோ, வேகவைத்தோ, சுட்டோ உண்ணும் மீனை. எண்ணெயில் பொரித்த மீனையன்று. ஆகவே, கடற்கரையில் உண்ணும் வறுவலை மருந்துணவாகக் கருத வேண்டாம். அளவோடு நுகரும் ஒருநாள் விருந்தாகக் கொள்ளுங்கள்.

முதலில் எண்ணெயைப் பாருங்கள்

எண்ணெய்ப் பரோட்டாவுக்குப் பெயர்பெற்ற விருதுநகர்க்காரர்களுக்கு எண்ணெய்ச் சட்டியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்க. ஒரே எண்ணெயை மீண்டும் மீண்டும் சூடாக்கும்போது அது சிதைந்து, உடலுக்குத் தீங்கான பொருட்கள் அதில் சேர்கின்றன. இவற்றின் ஒரு பகுதியான துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதி, 2018 ஜூலை 1 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. அந்த அளவைக் கண்ணால் கணிக்க இயலாது. எனினும் எண்ணெய் கறுத்திருந்தாலோ, பிசுபிசுத்தாலோ, நுரை அடங்காமல் நின்றாலோ, காரல் வாடை வீசினாலோ அக்கடையைத் தவிர்த்துவிடுங்கள்.

எண்ணெயில் முழுவதும் மூழ்கப் பொரித்ததைவிட, தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் விட்டு வறுத்துத் தரும்படி கேட்பது நல்லது. மேற்பூச்சும் முக்கியம். இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் புகழ்பெற்ற 'பிஷ் அண்ட் சிப்ஸ்' உணவில் மீனைக் கெட்டியான மைதா மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்து, வறுத்த உருளைக்கிழங்குடன் தருவார்கள். அந்த மாவு உறையும் கிழங்கும் எண்ணெயை ஏற்பதோடு மாவுச்சத்தையும் கூட்டுகின்றன. நம் கடைகளில் மெல்லிய மசாலா மட்டும் தடவி வறுக்கும் துண்டு அதைவிட மேலானது. பஜ்ஜிபோல் மாவில் தோய்த்த மீனை நோயாளிக்குத் தவிர்க்கலாம்.

மீன் புதியதா?

புதிய மீனின் கண்கள் தெளிவாகப் புடைத்திருக்கும், செவுள் சிவந்திருக்கும், விரலால் அழுத்தினால் சதை உடனே மேலெழும். சிவப்பு மசாலா தடவி அடுக்கிவைத்த துண்டுகளில் இவற்றுள் எதையும் காண இயலாது. ஆதலால் முழு மீனைப் பனிக்கட்டியில் வைத்து, கேட்டபின் வெட்டி மசாலா தடவித் தரும் கடையைத் தேர்ந்தெடுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்த 61 நாட்களில் தொலைவிலிருந்து வரும் மீனும் விற்கப்படும் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

சூரை, அயிலை, சாளை ஆகியவை வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உருவாகும். வறுத்தாலும் அது அழியாது. உண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவத்தல், தலைவலி, அரிப்பு, படபடப்பு தோன்றினால் மருத்துவரை அணுகுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ ஏற்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

நோய்க்கேற்ற எச்சரிக்கை

இதய நோய், உயர் இரத்த அழுத்தம்: உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்க வேண்டும். மசாலா, சாஸ், ஊறுகாய் எல்லாவற்றிலும் உப்பு உண்டு. உள்ளங்கை அளவுள்ள ஒரு துண்டு மீனுடன் நிறுத்திக்கொண்டு, மேலே தூவும் உப்பையும் சாஸையும் விலக்குங்கள். ஊருக்குத் திரும்பும்போது வாங்கிவரும் கருவாடு, வறுத்த மீனைவிடப் பன்மடங்கு உப்பு மிகுந்தது; ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுவதும் நீங்காது. ஸ்டென்ட் வைத்தவர்கள் பயண நாளிலும் மாத்திரையைத் தவறவிடக் கூடாது.

நீரிழிவு: மசாலா மட்டும் தடவிய மீனில் மாவுச்சத்து மிகக் குறைவு; சர்க்கரையை ஏற்றுபவை உடன் உண்ணும் பரோட்டாவும் குளிர்பானமுமே. அதைவிட உடனடி ஆபத்து வேறொன்று. மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு, மீன் பொரிந்து வரும்வரை வெயிலில் காத்திருந்தால் சர்க்கரை திடீரெனக் குறையலாம். தட்டு கைக்கு வந்தபின் மருந்தை எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தெரிந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சிறுநீரக நோய்: மீனின் அளவை உங்கள் மருத்துவரோ உணவியலாளரோ கூறியபடி வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் எல்லோரும் நல்லதென்று நினைத்துக் கொடுக்கும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அது இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும்.

யூரிக் அமில மூட்டுவலி: நெத்திலியும் சாளையும் வலியைத் தூண்டக்கூடும், தவிர்ப்பது நலம்.

புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள்: நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பதால் திறந்தவெளிக் கடை உணவைத் தவிர்த்து, வீட்டில் சமைத்த மீனை உண்பதே சரி.

முள் சிக்கினால்

வஞ்சிரத் துண்டில் முள் குறைவு. முதியோருக்கு அது ஏற்றது. பல்செட் அணிந்தவருக்கு வாயில் முள் இருப்பது எளிதில் தெரியாது. ஆகவே நீங்களே முள்ளை நீக்கிக் கொடுங்கள். பக்கவாதத்திற்குப் பின் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு முள்ளுள்ள மீன் வேண்டாம். தொண்டையில் முள் குத்தினால் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கச் செய்யாதீர்கள். முள் மேலும் ஆழமாக இறங்கக்கூடும். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

புறப்படுவதற்கு முன்

அன்றைய மருந்துகள், குடிநீர், சிறிது சர்க்கரை, மருத்துவச் சீட்டு ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, "கடற்கரைக்குப் போகிறோம், மீன் சாப்பிடலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். சாப்பிட்டதை மருத்துவரிடம் மறைப்பதைவிட, முன்கூட்டியே கேட்பது எவ்வளவோ மேல். கல்லில் வறுத்த ஒரு துண்டு வஞ்சிரம், எலுமிச்சைச் சாறு, நல்ல குடிநீர் ஆகியவற்றோடு அப்பாவும் எல்லோருடனும் அமர்ந்து உண்ணட்டும்.