எந்த மீட்டுக்குப் போறீங்க பாஸ்?

'வர்ற ஞாயித்துக்கிழமை இன்விடேஷன் மீட். பேர் கொடுக்கிறவங்க இன்னிக்கு ராத்திரிக்குள்ள கொடுத்துடுங்க!'

கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் விழுந்தால் போதும். அடுத்த பத்தாவது நிமிஷம் லிஸ்ட் நிரம்பிடும். 'என் பையனுக்கு நாலு ஈவென்ட் சார்', 'பாப்பாவுக்கு அஞ்சு போட்டுக்கோங்க சார்' என்று அம்மாக்கள் வரிசை கட்டுவார்கள். எந்தக் குளம், எத்தனை மீட்டர், யார் நடத்துகிறார்கள்... ம்ஹூம், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். நீங்களும் ஒரு கிளப் ஸ்விம்மரா? அப்படின்னா பேர் கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் என் சோகக் கதையைக் கேட்டுட்டுப் போங்க.

நான் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். சென்னையில் ஒரு கிளப்பில் பதினொரு வயசிலிருந்து நீந்துகிறேன். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்தான் நம்ம ஏரியா. க்ளோரின் தண்ணியில் ஊறி ஊறி முடி தேங்காய் நார் கலருக்கு வந்து ரொம்ப நாளாச்சு. பாட்டி அதுக்காகப் புலம்புவதைக்கூட நிறுத்திவிட்டார்.

ப்ளஸ் ஒன் லீவில் எனக்கும் அப்பாவுக்கும் ஒரு கணக்கு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நல்ல காலேஜ் சீட் வாங்கிடணும். சீட்டுக்கு சர்டிபிகேட் வேணும். சர்டிபிகேட்டுக்கு மீட் வேணும். ஆகவே கண்ணில் பட்ட மீட்டுக்கெல்லாம் பேர்! நாலு மாசத்தில் ஏழு மீட். சனிக்கிழமை பஸ், ஞாயித்துக்கிழமை போட்டி, திங்கள் காலை 5 மணிக்கு மறுபடி ட்ரெயினிங்.

ஆறாவது மீட்டில் 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் 1:20.9 போட்டேன். என் வாழ்நாள் பெஸ்ட்! அது ஒரு கிளப்பின் ஆண்டு விழா மீட். அந்த பெஸ்ட் டைமுக்கு எனக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ரெண்டு அடுக்கு.

ஏழாவதுதான் ஸ்டேட் மீட். அஞ்சு வாரம் கழித்து, அதே குளம். முழங்காலின் உள்பக்கம் ஏற்கெனவே சுருக் சுருக்கென்று குத்த ஆரம்பித்திருந்தது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக் 'கிக்' அளவுக்கு மேல் போனால் முதலில் அடிவாங்குகிற இடம் அதுதான். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஃபைனலில் 75 மீட்டர் வரை மூணாவது. அதுக்கப்புறம் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. 1:22.3. நாலாவது இடம். மூணாவது வந்த பெண் 1:21.5.

புரியுதா? நான் புதுசாக ஒண்ணும் சாதிக்க வேண்டியதில்லை. டிபன் பாக்ஸுக்காக நீந்திய அதே டைமைத் திரும்ப நீந்தியிருந்தாலே வெண்கலம்!

டிரெஸ்ஸிங் ரூம் வாசலில் அழுதுகொண்டிருந்தபோது கோச் சார் வந்தார். திட்டவில்லை. "மாவு ஆட்டின கையோட இட்லி ஊத்தினா எப்படிம்மா வரும்? புளிக்க விடணும்ல" என்று மட்டும் சொல்லிட்டு, அடுத்த பையனின் ரேஸுக்கு ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோட்டா கனவு அன்னிக்கே க்ளோஸ். அப்புறம் கட்-ஆஃப் மார்க் புண்ணியத்தில்தான் காலேஜ் வந்து சேர்ந்தேன்.

சரி, இப்போ உங்க விஷயத்துக்கு வருவோம்.

லிஸ்ட்டில் பேர் போடும் முன்னாடி 'இந்த மீட் எனக்கு எதுக்கு?' என்று கேட்டுப் பாருங்க. பதில் ரொம்ப சிம்பிளாக இருக்கலாம். டைவ் பயம் போகணும். புது டர்னைக் கூட்டத்துக்கு நடுவில் செஞ்சு பார்க்கணும். 200 மீட்டரில் முதல் 100-ஐ அடக்கி வாசிக்கப் பழகணும். இதுக்கெல்லாம் பக்கத்து கிளப்பின் குட்டி மீட்டே அருமை. தோற்றாலும் பஸ் காசுதான் நஷ்டம். ஆனால் சர்டிபிகேட்தான் வேணும் என்றால், சர்க்குலரைக் கையில் வைத்துக்கொண்டு கறாராகக் கேளுங்க. மாவட்ட, மாநில நீச்சல் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கா? கோட்டாவுக்குச் செல்லுபடியாகிற போட்டிகளில் இது வருமா? பளபளவென்று லேமினேட் செய்து கொடுக்கிற சர்டிபிகேட் எல்லாம் கவுன்சலிங் மேஜையில் செல்லாது பாஸ். என்னிடம் அப்படி ஒரு ஃபைலே இருக்கு. கனமான ஃபைல்.

அடுத்தது குளத்தின் நீளம். நம்ம ஊரில் கிளப், ஸ்கூல் குளங்கள் பலவும் 25 மீட்டர்தான். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரி குளம் மாதிரி 50 மீட்டர் குளங்கள் கொஞ்சம்தான். ரெண்டிலும் நூறு மீட்டர் நூறு மீட்டர்தானே என்று நினைக்காதீங்க. 25-ல் மூணு டர்ன், 50-ல் ஒரே ஒரு டர்ன். ஒவ்வொரு டர்னிலும் சுவரை உதைத்துக் கிளம்பும்போது வேகம் சும்மா கிடைக்கும். 2021-ல் ஆஸ்திரேலியாவின் கைல் சால்மர்ஸ் 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 44.84 விநாடியில் முடித்து உலக சாதனை செய்தார். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே 50 மீட்டர் குளத்தில் உலக சாதனை செய்தபோது அவர் டைம் 46.40. உலகத்தின் டாப் ஆட்களுக்கே ஒன்றரை விநாடி வித்தியாசம் என்றால், நமக்கு? ஆகவே, ஸ்டேட் மீட் 50 மீட்டர் குளத்தில் என்றால், அதுக்கு முன்னாடி ஒரு 50 மீட்டர் மீட்டாவது நீந்தியிருக்கணும். அந்தக் கடைசி 15 மீட்டர் வேற உலகம்.

மீட்டைத் தேர்ந்தெடுப்பது பெரிய ஆட்களுக்கும் வாழ்வா சாவா பிரச்னைதான். சஜன் பிரகாஷ் தெரியும்தானே? இடுக்கியில் பிறந்து, நம்ம நெய்வேலியில் வளர்ந்து நீச்சல் கற்றவர். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் அவருக்குத் தேவைப்பட்டது 1:56.48. 2021 ஜூனில் பெல்கிரேடில் நீந்தினார்: 1:56.96. தங்கம் கிடைத்தது, டைம் கிடைக்கவில்லை. அரை விநாடி பாக்கி! தகுதி பெறக் கடைசி நாள் ஜூன் 27. அவர் கையில் மிச்சம் இருந்தது ரோமில் நடந்த செட்டே கோலி மீட். ஜூன் 26 அன்று அங்கே 1:56.38. ஒலிம்பிக் 'ஏ' தரத்தைத் தொட்ட முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்தான். அடுத்த நாளே அதே ரோமில் ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டர் பேக் ஸ்ட்ரோக்கில் 53.77 அடித்தார். தேவைப்பட்டது 53.85. உடம்பு உச்சத்தில் இருக்கிற நாளும் மீட் தேதியும் ஒண்ணாக வந்து நிற்கணும். அதுக்குத்தான் இத்தனை கணக்கு.

அந்தக் கணக்கைப் பின்னாடியிருந்து போடுங்க. முக்கியமான மீட் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, அங்கிருந்து வாரங்களைப் பின்னோக்கி எண்ணுங்க. நடுவில் இன்டர்னல் டெஸ்ட், மாடல் எக்ஸாம் எங்கே வருது என்றும் குறிச்சுக்கோங்க. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படித்துவிட்டு அஞ்சு மணிக்குக் குளத்தில் குதிக்கிற வீரம் ஒரு வாரம் தாங்கும். ரெண்டாவது வாரம் சளி பிடிக்கும். என் அனுபவத்தில் ஒரு சீசனுக்கு முக்கிய மீட் ஒண்ணு, அதிகபட்சம் ரெண்டு. மத்ததெல்லாம் ஒத்திகை. ஒத்திகை மீட்டில் களைப்போடு நீந்தி டைம் மோசமாக வந்தால் கவலைப்படாதீங்க. கவலைப்படுகிற அப்பாவுக்குத்தான் முதலில் இதைப் புரியவைக்கணும். அது 200 பட்டர்ஃப்ளையைவிடக் கஷ்டம்!

கடைசி பத்து நாள், பதினைந்து நாளில் வருவதுதான் 'டேப்பர்'. தினம் 4,000 மீட்டர் நீந்துகிற ஆளை கோச் 3,000, 2,000 என்று குறைத்துக்கொண்டே வருவார். தூரம் குறையும், வேகம் குறையாது. மாசக்கணக்கில் சேர்ந்த களைப்பு வடிந்து, உடம்பு தெளியும். கோச் சொன்ன மாவு புளிக்கிற நேரம் இதுதான்.

கேட்க சுகமாக இருக்கு இல்ல? அனுபவித்தால் தெரியும். மூணாவது நாளே 'ஐயோ, உடம்பு விட்டுப்போச்சு' என்று பயம் வரும். தண்ணியில் கை பாரமாக இருக்கும். யாருக்கும் தெரியாமல் சாயங்காலம் வேற குளத்துக்குப் போய் எக்ஸ்ட்ரா 2,000 மீட்டர் அடித்துவிட்டு வரலாமா என்று மனசு அலையும். ஏழு மீட் வருஷத்தில் நான் அதையும் செய்தேன். செய்யாதீங்க. அந்த நேரத்தில் தூங்குங்க. டேப்பரில் வீட்டுக்காரர்களோடு சண்டை வருவது சகஜம். சக்தியைச் செலவழிக்க இடமில்லாமல் தம்பி மேல் பாய்வோம்.

பொண்ணுங்களுக்கு ஒரு பாரா. பசங்களும் படிக்கலாம், தப்பில்லை. பீரியட்ஸ் தேதியையும் ட்ரெயினிங் நோட்டிலேயே எழுதுங்க. அது மீட் அன்னிக்கு வரும் போலிருந்தால், டேம்பானோ கப்போ எதுவானாலும் ஒரு மாசம் முன்னாடியே ட்ரெயினிங்கில் பழகிக்கோங்க. போட்டி நாளில் முதல் தடவை முயற்சி செய்வது நரகம். வலி மாத்திரை, சளி மருந்து, புரோட்டீன் பவுடர் எதுவானாலும் டாக்டரிடம் 'நான் போட்டிகளில் நீந்துகிறவள்' என்று சொல்லிக் கேட்ட பிறகு எடுங்க. தடை செய்யப்பட்ட மருந்துப் பட்டியல் பசங்களுக்கும்தான்.

டிரெஸ் விஷயம் சீக்கிரம் முடிச்சிடலாம். 2009 ரோம் உலகப் போட்டியில் வழவழப்பான பாலியூரித்தேன் சூட்களைப் போட்டுக்கொண்டு 43 உலக சாதனைகளை உடைத்துத் தள்ளினார்கள். 2010 ஜனவரியோடு அதுக்குத் தடை. இப்போது துணி சூட்தான். குட்டி மீட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்து ரேஸ் சூட் வேண்டவே வேண்டாம். காகில்ஸ் மட்டும் ரெண்டு வைத்துக்கோங்க. புதுசைப் போட்டி அன்னிக்குப் பிரிக்காதீங்க. 2008 பெய்ஜிங்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸுக்கே 200 பட்டர்ஃப்ளையில் காகில்ஸுக்குள் தண்ணி நிறைந்து சுவரே தெரியவில்லை. ஸ்ட்ரோக்கை எண்ணிக்கொண்டே போய் 1:52.03 என்று உலக சாதனையோடு தொட்டார். உங்க ஸ்ட்ரோக் எண்ணிக்கை உங்களுக்குத் தெரியுமா?

மீட் அன்னிக்கு முதல் எதிரி, காத்திருத்தல். காலை 7 மணிக்கு வார்ம்-அப். உங்க ஈவென்ட் பதினொரு மணிக்கு என்பார்கள். பேச்சு, பொன்னாடை எல்லாம் முடிந்து ரெண்டு மணியாகும். நடுவில் பசித்து வெளியே போய் ஒரு பிளேட் பிரியாணி அடித்தீர்கள் என்றால் கதை முடிஞ்சுது. பொடி தடவின இட்லி, வாழைப்பழம், கடலை மிட்டாய். கொஞ்சம் கொஞ்சமாக. ஈரத்தோடு உட்காராமல் டி-ஷர்ட் போட்டுக்கோங்க. கூப்பிடுவதற்கு இருபது நிமிஷம் முன்னாடி மறுபடி உடம்பைச் சூடாக்கணும். தண்ணி கிடைக்காவிட்டால் வெளியே கையைக் காலைச் சுழற்றினாலும் போதும். பேக் ஸ்ட்ரோக் ஆட்கள் வார்ம்-அப்பிலேயே மேலே தொங்கும் கொடியிலிருந்து சுவருக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்று எண்ணிடுங்க. கொடி சுவருக்கு 5 மீட்டர் தள்ளி இருக்கணும். சில குட்டி மீட்களில் கட்டியவர் மனசுபோல இருக்கும்!

என்ட்ரி டைமில் பொய் வேண்டாம். எட்டு லேன் குளத்தில் வேகமான ஆளுக்கு நாலாவது லேன், அடுத்தவருக்கு அஞ்சு, அப்புறம் மூணு என்று நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும். நடு லேனுக்கு ஆசைப்பட்டு டைமைக் குறைத்து எழுதினால், ரெண்டு பக்கமும் திமிங்கலம் போக, நடுவில் நீங்க அவர்கள் அலையைக் குடித்துக்கொண்டு வருவீங்க. ஃபைனல் இல்லாமல் எல்லா ஹீட்ஸ் டைமையும் சேர்த்துப் பார்த்து மெடல் கொடுக்கிற மீட் என்றால், முதல் ஹீட்டில் நீந்தினாலும் ஜெயிக்கலாம்.

நீண்ட விசில் வந்தால் பிளாக் மேல் ஏறணும். 'டேக் யுவர் மார்க்ஸ்' என்றதும் அசையாமல் நிற்கணும். முன்னாடி பாய்ந்தால் ரெண்டாவது வாய்ப்பெல்லாம் கிடையாது, நேராக வெளியேதான். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் சுவரை ரெண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொடணும். பதிமூணு வயசில் முதலாவதாக வந்து, ஒரு கையால் தொட்டு, மெடலைக் கோட்டை விட்ட ஒரு புத்திசாலியை எனக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் என் லேனில் நீந்தும் ஒரு பன்னிரண்டு வயசு வாண்டு கேட்டான். "அக்கா, ஞாயித்துக்கிழமை மீட்டுக்குப் பேர் கொடுக்கவா? அஞ்சு ஈவென்ட்!"

"எதுக்குடா?"

ரொம்ப நேரம் யோசித்தான். "பிளாக்லேருந்து டைவ் அடிச்சா இன்னும் பயமா இருக்குக்கா. அதுக்கு."

"அப்ப 50 ஃப்ரீஸ்டைல் மட்டும் கொடு."

எனக்கு யுனிவர்சிட்டி மண்டலப் போட்டிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு. அதனால் இந்த ஞாயித்துக்கிழமை நான் நீந்தப்போவதில்லை. ஸ்டாப்வாட்சோடு கரையில் நிற்கப்போகிறேன். வாண்டுக்குப் பசிக்கும். டிபன் பாக்ஸ் ரெண்டு அடுக்கிலும் பொடி இட்லி இருக்கும்.