விலையே இல்லாத பொம்மை!

குட்டீஸ்! பொம்மைக் கடைக்குப் போனால் அப்பா முதலில் எதைப் பார்ப்பார்? விலையைத்தானே! விலையே ஒட்டாமல் உலகம் சுற்றிய பொம்மை ஒன்று உண்டு. பெயர், சுனாமிகா.

மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆரோவில். அங்கே 1997ல் 'உபாசனா' என்ற ஆடை நிறுவனத்தைத் தொடங்கியவர் உமா பிரஜாபதி. 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தது. சுற்றியிருந்த மீனவ ஊர்களில் படகும் வலையும் போயின. கடல் என்றாலே பெண்கள் நடுங்கினர்.

அவர்கள் மனம் தேற வேண்டும். கையில் வருமானமும் வேண்டும். என்ன செய்யலாம்? ஆடை வெட்டியபின் மிஞ்சிய துண்டுத் துணிகள் உபாசனாவில் இருந்தன. அதில் விரல் நீளத்துக்குக் குட்டிப் பொம்மை செய்ய, நூற்றுக்கணக்கான பெண்களுக்குக் கற்றுத் தந்தனர்.

ஆனால், பொம்மையை விற்கக் கூடாது. பரிசாகவே தர வேண்டும் என்று முடிவானது! அப்படியானால் கூலி? மக்கள் விரும்பித் தந்த நன்கொடையிலிருந்து கொடுத்தனர். பொம்மை வாங்கியவர்கள் அதன் கதையை அடுத்தவரிடம் சொன்னார்கள். அதுவே விளம்பரமானது! லட்சக்கணக்கான சுனாமிகாக்கள் பல நாடுகளுக்குப் பறந்தன.

எல்லாப் பொருளையும் இப்படித் தர முடியாது. நன்கொடை குறைந்தால் கூலிக்கு எங்கே போவது? உபாசனாவும் தன் ஆடைகளை விலைக்குத்தான் விற்றது.

நீங்களும் ஏதாவது செய்யப் போகிறீர்களா? 'இது யாருக்கு உதவும்?' என்று முதலில் யோசியுங்கள். அப்புறம் கத்தரிக்கோலை எடுக்கலாம்!