கைத்தொலைபேசியோடு வழி போகையில்

மாரி தொடங்கிவிட்டால் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு மாணவர்களை வெள்ளம் அள்ளிச் சென்றதை நாம் மறக்கவில்லை. ஆகவே நீர் இழுக்கும்போது கடவாமல் நிற்பதே முதற் காரியம். தொலைபேசியெல்லாம் அதற்குப் பிறகுதான். மழைக்குள் போகத்தான் வேண்டுமென்றால், அதை நிறுத்தி இரண்டு சொப்பிங் பைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகக் கட்டுங்கள். நனைந்துவிட்டால் உடனே நிறுத்துங்கள், மின்னேற்ற வேண்டாம், காற்றுப்படும் நிழலில் வையுங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டாம், தவிட்டுத் தூள் துவாரங்களை அடைக்கும்.

1990களில் வடக்கில் மின்கலத்துக்குத் தடை இருந்தபோது, சனங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அந்த வானொலி தொலைந்தால் செய்திதான் கேட்காது. இன்று தொலைபேசி தொலைந்தால் கட்டாரிலுள்ள பிள்ளையின் இலக்கம், வங்கிக் கணக்கு, காணிப் பத்திரத்தின் படம் எல்லாம் ஒன்றாகப் போய்விடும்.

கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்கள் நித்திரையாகுமுன் அதை உள்பையில் வைத்து ஊசி குத்திக்கொள்வது நல்லது. மேல்தட்டுப் பை அதற்கான இடமல்ல. திரைக்குப் பூட்டுப் போட்டால் போதுமென்று பலர் எண்ணுகிறார்கள். திருடன் சிம் அட்டையைக் கழற்றி வேறு தொலைபேசியில் போட்டால், வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் அவனுக்கே வரும். ஆகையால் சிம்முக்கும் தனியாகப் பூட்டு வேண்டும். அமைப்புப் பகுதியில் அதற்கு வழியுண்டு. பழைய இலக்கம் தெரியாமல் ஊகித்து அழுத்தாதீர்கள். மூன்று முறை பிழைத்தால் சிம் அடைபட்டுவிடும். கம்பனியிடம் கேட்டுச் செய்யுங்கள்.

*#06# என அழுத்தினால் 15 இலக்கங்கள் தோன்றும். அது அந்தக் கருவிக்கே உரிய இலக்கம். இரண்டு சிம் போடும் தொலைபேசியில் இரண்டு இருக்கும். பிள்ளைகளின் கொப்பியில் எழுதி வீட்டில் வையுங்கள். களவு போனால் முதலில் கம்பனிக்கு அறிவித்துச் சிம்மை நிறுத்துங்கள். பிறகு அந்த இலக்கத்தோடு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். அடையாள அட்டையைக் காட்டினால் பழைய தொலைபேசி இலக்கத்திலேயே புதிய சிம் பெறலாம்.

1990 இல் வீடு வாசலை விட்டு ஓடியபோது உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் எடுக்க முடியாமற் போனவர்கள் நம்மிடையே பலர். வயல் யாருடையதென்று காட்ட அவர்கள் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. பத்திரங்களைப் படமெடுத்து வைப்பது நல்லதுதான். ஆனால் அது ஒரே தொலைபேசியில் மட்டும் கிடந்தால் பாதுகாப்பல்ல. வேறு ஊரிலுள்ள சகோதரிக்கோ மகனுக்கோ ஒரு பிரதி அனுப்புங்கள். படம் அலுவலகத்தில் பத்திரமாகச் செல்லாது. உறுதியின் அத்தாட்சிப் பிரதியைக் காணிப் பதிவகத்திலும், அனுமதிப்பத்திர விபரத்தைப் பிரதேச செயலகத்திலும் கேட்டுப் பெறவேண்டும். அங்கே கேட்கப்படும் இலக்கமும் திகதியும் அந்தப் படத்தில் இருக்கும்.