முகவரிகளைக் காக்கும் தீச்சுவர்

முகவரியின் அருமையை அப்புத்தளையைச் சூழ்ந்த தோட்டங்களிலே பிறந்த நம்மவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டா. லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இன்மையால், தோட்டத்தின் பெயருக்கே தபால் வருவதும், தோட்டக் காரியாலயம் அதனை ஏற்று உரியவரிடம் சேர்ப்பிப்பதும் மலையகத்தில் நெடுங்காலம் நிலவிவந்த வழக்கமாகும். என் மாணாக்கன் ஒருவனுக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை கழிந்த பின்னரே அவன் கைக்கு எட்டியது. பதிவேட்டைப் பேணுவோரின் சிறு அயர்ச்சியும் ஒருவரின் வாழ்வைத் தொடும் என்பதை அன்று உணர்ந்தேன்.

பிற்காலத்தில், தமிழாசிரியனாகிய என்னிடம் கணினிக்கூடத்தின் பொறுப்பு வந்து சேர்ந்தபோது, அங்கும் இதே வழக்கத்தைக் கண்டு வியந்தேன்.

இணையத்தின் பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 429 கோடி எண்களே உள. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரி 3இல் தீர்ந்தது. ஆதலால் ஒரு கூடத்துக் கணினிகள் அனைத்தும் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளே வழங்குதற்கென ஒதுக்கப்பட்ட எண்கள் வேறு, 192.168 எனத் தொடங்குவன அவற்றுட் சில. உள்முகவரியைப் பொது முகவரியாக மாற்றி அனுப்பி, வரும் மறுமொழியை உரிய கணினிக்குச் சேர்ப்பிக்கும் காரியாலயமாகப் பெரும்பாலும் அமைவது, வாயிலில் நிற்கும் தீச்சுவரே. வேண்டாதாரைத் தடுக்கும் காவலும் அதுவே.

தீச்சுவர் கையாளும் முகவரிக் கூட்டத்தை முகவரித் தொகுதி என்போம். வெளிச்செல்வோர்க்கு மாறிமாறி வழங்கும் பொது முகவரிகள் ஒருவகை. தடுக்கவோ அனுமதிக்கவோ குறித்துவைத்த முகவரிகள் மற்றொருவகை. 2001இல் ஓப்பன் பி.எஸ்.டி. என்னும் இயங்குதளத்துடன் வெளிவந்த, டானியேல் ஹார்ட்மயர் ஆக்கிய ‘பி.எவ்.’ என்னும் தீச்சுவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதனைப் படங்களைத் தொட்டன்றிக் கட்டளைவரியில் எழுதியே ஆள்வர். ‘பி.எவ்.சி.ரி.எல்.’ எனத் தொடங்கி, தொகுதியின் பெயரையும் செய்யவேண்டிய வினையையும் எழுதுதல் வேண்டும். ‘ஷோ’ என்பது தொகுதியைக் காட்டும், ‘அட்’ சேர்க்கும், ‘டிலீற்’ நீக்கும், ‘ரெஸ்ற்’ ஒரு முகவரி அதனுள் அடங்குமா எனச் சோதிக்கும். விதிகள் அனைத்தையும் மீள ஏற்றாமலே மாற்றம் உடனே நடைமுறைக்கு வரும்.

உடனே நிகழ்வதாதலின் நான்கு எச்சரிக்கைகள் இன்றியமையாதன. முதலாவது, அளவு. முகவரியின் பின் 24 என எழுதின் 256 எண்கள் அடங்கும். தவறி 8 என எழுதின் 16,777,216 எண்கள் அடங்கிவிடும். இரண்டாவது, நிலைபேறு. கட்டளையாற் சேர்த்தது நினைவகத்தில் மட்டுமே இருக்கும். கோப்பிலும் எழுதாவிடின் கணினி அணைந்து எழும்போது மறையும். மூன்றாவது, முன்னரே நடைபெறும் தொடர்பு. தடைத்தொகுதியிற் சேர்த்தபின்னும் அத்தொடர்பு நீடிக்கலாம். அதனைத் தனிக்கட்டளையால் துண்டித்தல் வேண்டும். நான்காவது, தன் காவல். தொலைவிலிருந்து ஆள்வோன் தன் முகவரியையே தடுத்துவிடின் வாயிலுக்கு வெளியே நிற்பான். ஆகவே முதலிற் காட்டுக, பின் சோதிக்க, அதன் பின்னரே மாற்றுக.

இவற்றினும் மேலானது ஒன்றுண்டு. ஒரு பொது முகவரியின் பின்னே நூறு பேர் இருக்கலாம். ஒருவன் செய்த பிழைக்காக அம்முகவரியைத் தடுத்தால், பரீட்சை விண்ணப்பம் அனுப்ப அமர்ந்திருக்கும் ஏனையோரும் தடுக்கப்படுவர். அது ஒரு வீட்டாரின் குற்றத்துக்காக லயம் முழுவதன் தபாலையும் நிறுத்துவது போலாம். எனவே தடை இட்ட நாளையும் காரணத்தையும் குறித்துவைத்து, காரணம் நீங்கியதும் தடையை நீக்குதல் ஆள்வோன் கடன்.

128 இரும இலக்கங்கொண்ட புதிய முகவரி முறை, ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி நல்க வல்லது. லயத்து வீடுதோறும் தனி இலக்கம் எழுதப்படுதல் போன்ற நன்மை அது. ஆயினும் காவலும் பதிவேடும் அப்போதும் வேண்டப்படும். இத்துறையிற் புகும் நம் மாணாக்கர், தாம் தட்டும் ஒவ்வோர் எண்ணின் பின்னும் கடிதத்துக்குக் காத்திருக்கும் ஒருவர் உளர் என்பதை மறவாதிருப்பாராக.