சிந்தினாலும் தானே சாப்பிடட்டும்

பிள்ளையைக் காப்பகத்தில் சேர்க்கப் போகும் பெற்றோர் முதலில் கேட்பது கட்டணத்தையும் நேரத்தையும்தான். அடுத்த கேள்வி, ஏ பி சி டி எப்போது சொல்லித் தருவீர்கள் என்பது. "ஒண்ணுக்கு வந்தா எம் பிள்ளை யார்கிட்ட சொல்லணும்? உடனே கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஒரு குழந்தை நாள்முழுக்கக் கற்றுக்கொண்டிருப்பது இதைத்தான். பசியை, தாகத்தை, உடம்பின் அவசரத்தை உணர்ந்து வாய்விட்டுச் சொல்லப் பழகுகிறது. முடிந்ததைத் தானே செய்யப் பழகுகிறது. இதற்கு நேரம் ஒதுக்காத இடத்தில் பிள்ளையின் உடல்நலமும் கெடும், பாதுகாப்பும் குறையும்.

கழிவறைப் பழக்கத்திலிருந்தே தொடங்குவோம். டயப்பரை விட்ட பிள்ளையைத்தான் சேர்ப்போம் என்று சில தனியார் மையங்கள் சொல்வதால், வீட்டில் அவசர அவசரமாக மிரட்டிப் பழக்குகிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் இதற்குத் தயாராகிறார்கள். துணி இரண்டு மணி நேரம் நனையாமல் இருப்பதும், நனைந்தால் பிள்ளை வந்து சொல்வதும், கால்சட்டையைத் தானே இறக்கப் பார்ப்பதும் அதற்கான அறிகுறிகள். அதற்கு முன்பே அடித்துப் பழக்கினால் பிள்ளை அடக்கக் கற்றுக்கொள்ளும். அடக்கிய மலம் இறுகும், போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் சிறுநீர்த் தொற்று வரும், துணியில் அறியாமலே கசியும். அந்தக் கசிவுக்கும் பிள்ளைதான் அடி வாங்கும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. அடிக்கடி கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது. கொடுத்தனுப்பிய பாட்டில் தினமும் அப்படியே திரும்பி வந்தாலோ, வீட்டுக்கு வந்ததும் பிள்ளை கழிவறைக்கு ஓடினாலோ, சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தாலோ மறுநாளே போய்க் கேளுங்கள். நனைந்த துணியோடு நிற்க வைப்பதையும், மற்றப் பிள்ளைகள் முன்னால் கேலி செய்வதையும் பழக்கப்படுத்துதல் என்று யாராவது நியாயப்படுத்தினால் ஏற்காதீர்கள். பெற்றோரும் தங்கள் பங்குக்கு, இழுத்தால் இறங்கும் எலாஸ்டிக் கால்சட்டை போட்டு, இரண்டு மாற்று உடைகளைப் பையில் வைத்து அனுப்பினால் பிள்ளைக்குப் பாதி வேலை மிச்சம்.

சோறு ஊட்டுவது நம் வீடுகளில் அன்பின் அடையாளம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இருபது முப்பது பிள்ளைகள் உள்ள மையத்தில் ஊட்டுவது பெரும்பாலும் வேகத்துக்காக. மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைப்பதும், அழும்போதே திணிப்பதும் ஆபத்து: அழுகையோடு மூச்சை இழுக்கையில் பருக்கை மூச்சுக்குழலுக்குள் போய்விடும். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை போன்றவை ஐந்து வயதுக்குள் வேண்டவே வேண்டாம். அரைத்தோ நீளவாக்கில் நறுக்கியோ கொடுக்கலாம். செல்போனைக் காட்டிச் சாப்பிட வைத்தால், வயிறு நிறைந்தது எப்போது என்றே பிள்ளைக்குத் தெரியாமல் போகும். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே கூடாது, 2 முதல் 4 வயதுக்கு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. இரண்டு வயதுப் பிள்ளை பருப்புச் சோற்றைத் தானே அள்ளிச் சாப்பிடும். பாதி தரையில்தான் விழும். அதைக் கூட்டிப் பெருக்கும் ஐந்து நிமிடம்தான் அந்தப் பிள்ளைக்கு நாம் தர வேண்டிய கல்வி.

பிள்ளை தானே செய்ய வேண்டுமென்றால் பொருட்கள் அதன் கைக்கு எட்ட வேண்டும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், நாற்காலி, மேசை எல்லாம் பிள்ளைகளின் உயரத்துக்கே இருந்தன. 1939-ல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தந்தார். குழாய்க்கு முன்னால் ஏறி நிற்க ஒரு சின்னப் பலகை, கைக்கு எட்டும் இடத்தில் சோப்பு, பிள்ளை தூக்கக்கூடிய குவளை. இவ்வளவு போதும், பிள்ளை தானே கை கழுவும்.

தானே கழுவி, தானே உடுத்தத் தெரிந்த பிள்ளையின் உடலை மற்றவர் தொட வேண்டிய தேவை குறைகிறது. உதவி தேவைப்படும் வயதில் யார் செய்கிறார்கள், கதவு திறந்திருக்கிறதா என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உடலின் எல்லா உறுப்புகளுக்கும் பெயர் சொல்லிக் கொடுங்கள். "வேண்டாம்" என்று பிள்ளை சொன்னால், சோற்று உருண்டையானாலும் முத்தமானாலும் மதியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? தன் பொறுப்பில் உள்ள குழந்தையை அடிப்பதும் வேண்டுமென்றே புறக்கணிப்பதும் இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன் 75-வது பிரிவின்படி குற்றம். குழந்தைப் பராமரிப்பு நிறுவனத்தில் வேலை செய்பவரோ அதை நடத்துபவரோ செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பாலியல் தொல்லை பற்றித் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். தன் ஊழியர் செய்ததை மறைக்கும் நிர்வாகிக்கு ஓராண்டு வரை சிறை. அங்கன்வாடியில் 6 மாதம் முதல் 6 வயது வரை உணவு பெறுவது, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 தரும் உரிமை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது 2017-ன் மகப்பேறு பயன் சட்டத் திருத்தம். சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020-லும் இதே விதி உண்டு.

தீங்கு ஏதும் நடந்ததோ என்று சந்தேகம் வந்தால் பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். சொன்னதைச் சொன்னபடியே தேதியோடு எழுதிவையுங்கள். காயம் இருந்தால் படம் எடுத்து, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் புகார் தரலாம். அங்கன்வாடியில் குறை என்றால் முதலில் மேற்பார்வையாளரிடமும், பிறகு குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் எழுத்தில் கொடுங்கள். தீராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போய், மனு கொடுத்த ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

புகாரை யார்மேல் வைக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். அங்கன்வாடியில் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும்தான். சமைப்பது, எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவர்கள் தலையில். குழாயில் தண்ணீர் வராததும், கழிவறைக் கதவு உடைந்திருப்பதும் அவர்கள் குற்றமல்ல. அதைக் கிராம சபையில் எழுப்புங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் சபை கூடும்போது, சின்னப் பிள்ளைகள் உட்காரக்கூடிய கழிவறையும் தாழ்வான குழாயும் வேண்டும் என்று கேட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.